பெயர்ச்சீட்டு இல்லாத பனைக் குடும்பக் கன்றுகளை இனங்காணும் வழி

மூடப்படும் நர்சரிகளிலிருந்து காப்பாற்றி எடுத்துவரப்படும் கன்றுகளில் பெயர்ச்சீட்டு பெரும்பாலும் இருப்பதில்லை. ஏறத்தாழ 2,600 இனங்களைக் கொண்ட பனைக் குடும்பத்தில் இது பெரிய சிக்கல். ஏனெனில் மரத்தை அடையாளம் காட்டும் பூங்குலையும் காயும் கன்றுப் பருவத்தில் கிடையா. முதல் ஓலையை நம்பியும் முடிவு செய்ய இயலாது. விசிறி ஓலையுடைய பனைக்கும் இறகு வடிவ ஓலையுடைய ஈச்சைக்கும் முதலில் வெளிவருவது பிளவுபடாத, நீண்ட ஒற்றை இலையே.

ஆகவே முதலில் வேரடியைப் பார்க்க வேண்டும். தென்னையிலும் கமுகிலும் முளை விதையை ஒட்டியே எழுவதால் கொட்டை கன்றின் அடியிலேயே இருக்கும். பனையிலும் ஈச்சையிலும் வித்திலை குழாயாக நீண்டு, கருவை மண்ணுக்குள் கொண்டுசென்ற பிறகே குருத்து மேலெழுகிறது. பனங்கொட்டையைப் பிளந்து நாம் உண்ணும் தவுண், விதைக்குள் தங்கி உணவை உறிஞ்சும் அந்த வித்திலையின் நுனிப்பகுதிதான். தொட்டி மாற்றும்போது பழைய மண்ணோடு கொட்டையையும் பலர் எறிந்துவிடுவது உண்மையிலேயே வருத்தத்திற்குரியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்டெயில் பாம் கன்றை, அதன் கொட்டையைச் சூழ்ந்த, கிளைத்த கறுப்பு நார்களைக் கொண்டே அறிந்துவிடலாம்.

கொட்டை கிடைக்காதபோது, இறகு வடிவ ஓலை விரிந்த கன்றுகளில் மிக உறுதியான சான்று மடிப்பே. ஓலைக்கீற்று நடுத்தண்டோடு சேரும் இடத்தைக் கூர்ந்து நோக்குங்கள். ஓட்டுக்கூரையின் முகட்டைப் போல ஈர்க்கு மேலே நிற்க, விளிம்புகள் இருபுறமும் கீழே சரிந்திருந்தால் அது தென்னை, கமுகு முதலியவற்றின் வரிசை. மாறாக, ஈர்க்கு அடியில் கிடக்க, விளிம்புகள் மேல்நோக்கி நின்றால் அது ஈச்சையாகவோ கூந்தற்பனையாகவோ அதன் நெருங்கிய உறவாகவோதான் இருக்க முடியும். குருத்துக்குள்ளேயே உருவாகிவிடும் இம்மடிப்பை வெயிலோ நிழலோ உரமோ மாற்றுவதில்லை. நிறத்தையும் உயரத்தையும்விட இதை நான் நம்புவதற்குக் காரணம் அதுவே. ஈச்சையையும் கூந்தற்பனையையும் தமக்குள் பிரிப்பது எளிது: ஈச்சையில் அடிக்கீற்றுகள் முள்ளாக மாறும், கூந்தற்பனையில் கீற்றின் நுனி ஒழுங்கற்றுக் கிழிந்திருக்கும்.

நர்சரிகளில் ‘அரிக்கா பாம்’ என்று விற்கப்படுவது கமுகு அன்று. அது மடகாஸ்கரைச் சேர்ந்தது. ஒரே தூரில் பல தண்டுகள் விடுவதும் மட்டை மஞ்சளாக இருப்பதும், ஒற்றைத் தண்டாக வளரும் கமுகிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும். விசிறி ஓலைக் கன்றுகளில் மட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்க்கலாம். பனை மட்டையோரத்தின் கூரிய பற்களான கருக்கு, வடலி எனப்படும் இளம்பனைப் பருவத்தில் தெளிவாகத் தெரியும்.

ஈச்சை என்று உறுதியானபின் அதில் எந்த இனம் என்பதை உடனே எழுதிவிடக் கூடாது. ஈச்சை இனங்கள் அருகருகே வளர்ந்தால் எளிதில் கலப்புறுவதால், நர்சரிக் கன்று இரண்டு இனங்களின் கலப்பாகவும் இருக்கலாம். அதன் சீட்டில் ஈச்சை என்ற பேரினப் பெயரை மட்டும் எழுதி வைப்பதே சரியானது.