புரொக்சி: ஆளா, அதிகாரமா, தாளா?

கம்பனியொன்றின் வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாழும் பங்குதாரர் ஒருவருக்கு வந்துசேரும்போது, அதனோடு நிரப்பி அனுப்புவதற்கான படிவம் ஒன்றும் இருப்பது வழக்கம். அதைத்தான் நம்மவர்கள் 'புரொக்சி' என்கின்றனர். இத்தகைய கூட்டங்கள் பெரும்பாலும் கொழும்பிலேயே நடைபெறுகின்றன. உதயதேவி ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ போய், சிறிது நேரத்தில் முடிந்துவிடக்கூடிய கூட்டமொன்றில் கையை உயர்த்திவிட்டுத் திரும்புவது எல்லோருக்கும் கூடிவருவதில்லை. அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களுக்கு ரயில் பாதையே இல்லை. 2020இற்குப் பின்னர் இணையவழிக் கூட்டங்கள் பெருகியிருந்தாலும் இந்தப் படிவம் மறைந்துவிடவில்லை. எனவே கொழும்பிலுள்ள பங்குதாரரைக் காட்டிலும் கிழக்கிலுள்ளவருக்கே இச்சொல்லின் பொருள் அதிகம் தேவைப்படுகிறது.

இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, கூட்டத்திற் கலந்துகொண்டு வாக்களிக்க உரித்துடைய பங்குதாரர் ஒருவர், தமக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கலாம். அவ்வாறு நியமிக்கப்படுபவர் அக்கம்பனியில் ஒரு பங்குகூட வைத்திருக்க வேண்டியதில்லை. நியமன ஆவணத்தைக் கூட்டம் தொடங்குவதற்கு 48 மணித்தியாலங்களுக்கும் அதிகமாக முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டுமென்று கம்பனியின் அமைப்பு விதிகள் கேட்க முடியாது. அதனால்தான் ஏறத்தாழ எல்லாப் படிவங்களிலும் இந்த 48 என்ற எண் காணப்படுகிறது.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஆங்கிலத்தில் புரொக்சி என்ற ஒரே சொல், நியமிக்கப்பட்ட ஆளையும், அவருக்கு வழங்கப்பட்ட அதிகாரத்தையும், அந்த அதிகாரத்தை எழுதிய தாளையும் குறித்து நிற்கிறது. அம்மொழியினர் இடம்நோக்கிப் பொருள் கொள்கின்றனர். தமிழில் மூன்றுக்கும் ஒரு சொல்லையே இட்டால், 'பதிலாளை 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் கம்பனியின் பதிவு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்' என்று ஒரு மனிதரைக் கட்டி அனுப்பச் சொல்வது போன்ற வாக்கியந்தான் பிறக்கும்.

இச்சொல்லின் மூலம் இலத்தீன். 'பொருட்டு' என்னும் பொருளுடைய 'புரோ', 'கவனிப்பு' என்னும் பொருளுடைய 'கூரா' ஆகிய இரண்டிலிருந்து, பிறர் பொருட்டுக் காரியம் பார்ப்பவரைக் குறிக்கும் 'புரோகூராத்தோர்' என்ற சொல்லும், அவரது பணியைக் குறிக்கும் சொல்லும் உருவாயின. பணியைக் குறித்த சொல் இடைக்கால ஆங்கிலத்தில் 'புரொக்கியூரசி' எனப் புழங்கி, தேய்ந்து புரொக்சி ஆயிற்று. ஆளைக் குறித்த சொல் தேய்ந்து 'புறொக்டர்' ஆயிற்று. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, புறொக்டர் என்னும் இருவகை வழக்கறிஞரையும் சட்டத்தரணி என ஒன்றாக்கும் வரை, நம்முடைய நீதிமன்றங்களில் புறொக்டர்மார் இருந்தனர். அவர்களைப் பழைய ஈழத்து வழக்கு 'பிரக்கிராசி' என்றது, சிங்களத்தில் 'பெரகதோருவா'. இவ்விரண்டும் அதே இலத்தீன் குடும்பத்திலிருந்து போர்த்துக்கேய மொழி வழியாக இத்தீவுக்கு வந்தவை. பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னும் முற்றாக மறையாத மட்டக்களப்பில் இதை நினைவூட்டுவது பொருத்தமே. ஆக, புரொக்சி வருவதற்கு வெகுகாலம் முன்னரே அதன் உடன்பிறப்பு நம் ஊருக்கு வந்துவிட்டது. இன்றும் கட்சிக்காரர் தம் சட்டத்தரணிக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு நீதிமன்ற வழக்கில் புரொக்சி என்றே பெயர். அரபு மூலத்திலிருந்து வந்த வக்கீல், வக்காலத்து என்னும் இரட்டையரும் இதே பாதையில் நடந்தவர்கள்: பிறருக்காகச் செயற்படுபவர் வக்கீல், அதற்கான பத்திரம் வக்காலத்து.

தமிழ் நிகராகப் பல சொற்கள் முன்வைக்கப்படுகின்றன. 'பினாமி' அறவே பொருந்தாது. பாரசீகத்தில் 'பெயரில்லாத' என்று பொருள்படும் அச்சொல், உண்மையான உடைமையாளரை மறைக்கும் ஏற்பாட்டைக் குறிப்பது. இங்கோ யாருக்குப் பதிலாக யார் வருகிறார் என்பது கையொப்பத்தோடு வெளிப்படையாக எழுதப்படுகிறது. 'பிரதிநிதி' இன்னும் நுட்பமாகத் தவறுவது. மட்டக்களப்புக் கோயில்களில் ஒரு குடியின், அதாவது தாய்வழிக் குலத்தின், சார்பில் நிற்கும் கோயில் நிருவாகியான வண்ணக்கர் பிரதிநிதி ஆவார்; அவர் ஒரு கூட்டத்துக்காக வந்து போகிறவர் அல்லர், தொடர்ந்து பொறுப்பு வகிப்பவர். மேலும், பங்குதாரர் இன்னொரு கம்பனியாக இருக்கும்போது அதன் சார்பில் கூட்டத்துக்கு வருபவரைச் சட்டம் புரொக்சியிலிருந்து வேறுபடுத்துவதால், பிரதிநிதி என்ற சொல்லை அவருக்கென ஒதுக்கிவைப்பதே நல்லது. தூய தமிழ் வேண்டுமென்று 'மாற்றாள்' என்று எழுதினால், அகராதியில் அதற்குச் சக்களத்தி என்ற பொருள் காத்திருக்கிறது.

எஞ்சுவது 'பதிலாள்'. இதிலுள்ள 'பதில்' அரபு மொழியின் 'பதல்' என்பதிலிருந்து வந்தது என்றாலும், மறுமொழி என்ற பொருளிலும் ஈடு என்ற பொருளிலும் அது தமிழாகவே ஊறிப்போய்விட்டது. காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை முஸ்லிம்களின் பேச்சிலும் எழுத்திலும் 'அதற்குப் பகரமாக' என்பது இயல்பாக வழங்குவதால், 'பகராள்' என்றும் ஆக்கலாம். சொல் அழகானதுதான், ஆனால் படிவத்தில் கண்டால் பலர் திகைப்பர். எனவே ஆளுக்குப் பதிலாள், அதிகாரத்துக்குப் பதிலாண்மை, தாளுக்குப் பதிலாள் படிவம் என்று மூன்றாகப் பிரித்து வழங்குவதையே நான் பரிந்துரைப்பேன். இவற்றுள் பதிலாண்மை மட்டுமே பழக வேண்டிய சொல்.

படிவத்தைப் படிக்கும்போது இந்தப் பிரிப்பு உடனே பயன்படும். கையுயர்த்தி முடிவெடுக்கும்போது ஆளுக்கு ஒரு வாக்கு. வாக்கெடுப்புக் கோரப்பட்டால் பங்குகளின் எண்ணிக்கைப்படி வாக்குகள் கணிக்கப்படும். சாதாரண தீர்மானத்துக்கு எளிய பெரும்பான்மை போதும், விசேட தீர்மானத்துக்கு அளிக்கப்பட்ட வாக்குகளில் 75 சதவீதம் வேண்டும். படிவத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நேரே 'ஆதரவு', 'எதிர்ப்பு' எனக் கட்டங்கள் இருக்கும். அவற்றில் அடையாளமிடாமல் விட்டால், பதிலாள் தம் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்று அடிக்குறிப்பு சொல்லும். பல படிவங்களில் கம்பனித் தலைவரின் பெயரும், 'அவர் தவறும் பட்சத்தில்' என்று தொடங்கி ஏனைய பணிப்பாளர்களின் பெயர்களும் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை வெட்டாமல், கட்டங்களையும் வெறுமையாக விட்டுக் கையொப்பமிடுபவர், வெறும் தாளொன்றை அனுப்பியதாக எண்ணினாலும், உண்மையில் தம் பதிலாண்மையைப் பணிப்பாளர் சபையிடமே கொடுத்துவிடுகிறார். அதை விரும்பாதவர், கொழும்பில் வேலை பார்க்கும் மருமகனின் பெயரையோ நம்பிக்கையான வேறொருவரின் பெயரையோ தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதி, கட்டங்களில் அடையாளமிட்டு, குறித்த நேரத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் சேர்ப்பிக்கலாம்.