முன்சக்கரத்தின் பூட்டாங்கயிறு

ராமநகரத்துக்கு அப்பால் ஒரு மாந்தோப்பு. அக்டோபரில், மூன்று நாள் மழை ஓய்ந்த பிறகு, நண்பரின் பழைய டபுள் கேப் பிக்கப்பில் பெங்களூரிலிருந்து அங்கே போனோம். தோப்புக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி செம்மண் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. “இதற்குத்தானே ஃபோர் வீல் டிரைவ் வாங்கினேன்” என்று நண்பர் உற்சாகமாக இறங்கினார். முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் இரண்டு குமிழ்களையும் ‘லாக்’ பக்கம் திருப்பினார். ஏறி உட்கார்ந்து, கியர் தண்டுக்குப் பக்கத்திலிருக்கும் குட்டித் தண்டை நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் நிலைக்குத் தள்ளினார். டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. கிளட்சை விட்டதும் பின்சக்கரம் ஒன்று சேற்றை வாரி என் சட்டையில் அடித்தது. முன்சக்கரங்கள் இரண்டும் கோயில் படிக்கட்டுக் கல்யானைகளைப் போல அசையாமல் நின்றன. கடைசியில் ஒரு டிராக்டர் வந்து கட்டி இழுத்தது. அதற்கு இரண்டு சக்கரத்தில்தான் இழுவை.

விளக்கு எரிந்தும் சக்கரம் ஏன் இழுக்கவில்லை? எஞ்சினின் விசை கியர்பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ். அதுதான் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்புகிறது. முன்னால் போகும் பங்கு புரொப்பெல்லர் தண்டு வழியாக கிரவுன் பல்சக்கரத்தை அடைந்து, இடமும் வலமுமாக இரண்டு ஆக்ஸில் தண்டுகளுக்குப் பிரிகிறது. அந்தத் தண்டுகளைச் சக்கரத்தோடு பிணைக்கும் கடைசிக் கண்ணிதான் ஹப். பச்சை விளக்குக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் வரைக்கும்தான் சேதி தெரியும். மாடும் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது, பூட்டாங்கயிறு கட்டியாயிற்றா என்பதை அது பார்ப்பதில்லை.

பின்னே எதற்கு இந்தக் கண்ணியைக் கழற்றக்கூடியதாக வைத்தார்கள்? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்த ஜீப்புகள் ஊருக்குள் வந்தன. அவற்றில் ஆக்ஸிலும் சக்கரமும் நிரந்தரப் பிணைப்பு. பின்சக்கர ஓட்டத்தில் தார்ச்சாலையில் போனாலும் முன்சக்கரம் தன் தண்டையும் கிரவுனையும் புரொப்பெல்லர் தண்டையும் சும்மாவே சுற்றிக்கொண்டு போகும். இரைச்சல், தேய்மானம், கொஞ்சம் எரிபொருள் வீண். அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948இல் பூட்டித் திறக்கும் ஹப்பை விற்கத் தொடங்கினார். நம் ஊரில் 1985இல் வந்த மாருதி ஜிப்சியைப் பார்த்தவர்களுக்கு முன்சக்கர நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் குமிழ் நினைவிருக்கும்.

உள்ளே பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஆக்ஸில் தண்டின் நுனியில் பற்கள். சக்கரத்தோடு சுற்றும் ஹப் கூட்டின் உட்புறத்திலும் பற்கள். இரண்டுக்கும் நடுவே நகரக்கூடிய ஒரு பல்வளையம். குமிழைத் திருப்பினால் ஒரு ஸ்பிரிங் வளையத்தை உள்ளே தள்ளுகிறது. வளையம் இரு பக்கப் பற்களையும் கவ்விக்கொள்கிறது. நேரடியாகத் தள்ளாமல் ஸ்பிரிங்கிடம் அந்த வேலையைக் கொடுத்ததுதான் கெட்டிக்காரத்தனம். பல்லுக்குப் பல் நேரே வராவிட்டாலும் குமிழ் திரும்பிவிடும். வண்டி கொஞ்சம் உருண்டு பள்ளம் நேரே வந்ததும் வளையம் ‘டக்’கென்று விழும்.

நண்பரின் வண்டியில் ஏதோ ஒரு ஹப் பூட்டவில்லை என்று வைத்துக்கொண்டாலும், இன்னொரு சக்கரமாவது சுற்றியிருக்க வேண்டுமே? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கிரவுனுக்குள் இருந்து இரு தண்டுக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் ஒரு நுகத்தடி. ஏர்க்கால் நுகத்தடியின் நடுவில் கட்டப்பட்டிருக்கிறது. இரு முனையிலும் மாடுகள். ஒரு மாட்டின் பூட்டாங்கயிற்றை அவிழ்த்துவிட்டு இன்னொன்றை அதட்டினால், நுகத்தடியின் ஒரு முனை முன்னே போகும், மறுமுனை பின்னே வரும், வண்டி நகராது. டிஃபரன்ஷியலும் இரு தண்டுக்கும் சமமான முறுக்கு விசையைத்தான் தரும். அவிழ்ந்த பக்கம் தாங்கும் விசை ஏறக்குறைய சுழி என்றால் பூட்டிய பக்கத்துக்கும் சுழிதான். பூட்டிய சக்கரம் நிற்க, அவிழ்ந்த தண்டு மட்டும் கிரவுனைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வெறுமனே சுற்றும். ஆக, ஒரு ஹப் கெட்டால் முன் ஆக்ஸில் முழுவதுமே இல்லாத கணக்கு.

கண்டுபிடிக்கும் வழியும் இதிலிருந்தே கிடைக்கிறது. லிங்கராஜபுரத்தில் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரின் சிறிய பட்டறை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். “சார், ஒரே சக்கரத்தைத் தூக்கினால் போதும், இரண்டு ஹப்பையும் சொல்லிவிடுகிறேன்” என்றார். எஞ்சினை அணைத்துவிட்டு, குமிழ் இரண்டும் லாக்கில், குட்டித் தண்டு 4எச்சில். இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் இறக்கினார். கிரவுன் இப்போது பின்சக்கரங்களோடு பிணைந்து அசைய முடியாமல் நிற்கிறது. இரு ஹப்பும் பூட்டியிருந்தால், தூக்கிய சக்கரம் கைக்கு மசியக் கூடாது, லேசான ஆட்டம் மட்டும் இருக்கலாம். ஆனால் அது ராட்டினம் போலச் சுற்றியது. இடப்பக்கம் குனிந்து பார்த்தால் ரப்பர் உறையோடு இருக்கும் தண்டும் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றியது. அப்படியானால் இடது ஹப் நல்லது. வலப்பக்கம் டார்ச் அடித்தேன். டயர் தரையில் அசையாமல் நிற்க, அதற்குள் போகும் தண்டு எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருந்தது. நுகத்தடியின் அவிழ்ந்த முனை பின்னே வருவதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

வலது ஹப்பின் ஆறு போல்ட்டுகளையும் கழற்றி, ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு தட்டி மூடியை எடுத்தார். உள்ளே கிரீஸ் ஆறிப்போன அல்வாவைப் போல இறுகி, நிறமும் காப்பிக்கொட்டை நிறம். முந்தைய ஆண்டு வீல் பேரிங் மாற்றிய ஒரு பட்டறையில் யாரோ தாராள மனத்தோடு ஹப்புக்குள்ளும் பேரிங் கிரீஸை அடைத்திருக்கிறார்கள். கிரீஸ் அதிகமானால் நல்லதுதானே என்ற நினைப்பு. இங்கே நகர வேண்டியது ஒரு சிறு ஸ்பிரிங் தள்ளும் வளையம். கெட்டியான கிரீஸ் அதைப் பிடித்து நிறுத்திவிடும். போதாக்குறைக்கு மூடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கிழிந்து தண்ணீரும் புகுந்திருந்தது.

பிறகு நடந்தது பொறுமை வேலை. ஆக்ஸில் நுனியிலிருந்த சர்கிளிப் என்னும் பிளவு வளையத்தை விரித்து எடுத்து, கூட்டை வெளியே இழுத்து, எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்தார். பற்களின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். ஓரம் கூர்மையாக இருந்தால் நல்லது; உருண்டு மழுங்கியிருந்தால் பாரம் ஏறும்போது நழுவும். மழுங்கிய பல்லுக்கு வெல்டிங் வைக்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கடினப்படுத்திய எஃகு அந்தச் சூட்டில் தன் உறுதியை இழந்துவிடும். ஸ்பிரிங்கை இடது ஹப் ஸ்பிரிங்கோடு நிறுத்தி உயரம் ஒப்பிட்டார், சரியாக இருந்தது. ஜே.சி. ரோட்டில் ஓ-ரிங்கும் காகித கேஸ்கட்டும் வாங்கிவர என்னை அனுப்பினார். வாங்கிய பொருளின் விலையைவிட ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம்.

திரும்பி வந்தபோது சப்பாத்திக்கு நெய் தடவுவது போல மெல்லிய கிரீஸை விரலால் தடவிக்கொண்டிருந்தார். சர்கிளிப்பைத் திரும்ப மாட்டும்போது தண்டு உள்வாங்கிக்கொண்டு கிளிப் உட்கார வேண்டிய பள்ளம் தெரியாது. தண்டின் நுனியில் இருக்கும் மரைத்துளையில் ஒரு போல்ட்டை முடுக்கி, அதைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு கிளிப்பைச் செருகினார். மூடியை ‘ஃப்ரீ’ நிலையில் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கினார். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங்கையும் பார்த்துவிட்டார். பேரிங் தளர்ந்திருந்தால் பற்கள் ஒரே மையத்தில் நிற்காது, புது ஹப்பும் வீணாகும்.

குமிழே இல்லாத வண்டிகளும் உண்டு. ஜிம்னியைப் போன்றவற்றில் எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் வெற்றிட இழுப்பே ஹப்பைப் பூட்டுகிறது. அவற்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரப்பர் குழாயையும் சீலையும்தான். குழாயில் கையால் இழுக்கும் வெற்றிடப் பம்பை மாட்டினால், பம்பின் அளவு முள் அப்படியே நின்றால் நல்லது, இறங்கினால் எங்கோ கசிவு.

கையால் திருப்பும் குமிழ் முரண்டு பிடித்தால் பிளையரை எடுக்க வேண்டாம். காய்ந்த சாலையில் 4எச்சில் வளைந்து திரும்பினால், முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி போகின்றன. அந்த வித்தியாசத்துக்கு இடமில்லாமல் தண்டுகள் முறுக்கேறிப் பற்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச்சுக்கு மாற்றி, வண்டியை இரண்டடி பின்னால் நகர்த்தினால் முறுக்கு அவிழ்ந்து குமிழ் இரண்டு விரலுக்கே திரும்பும்.

மாதம் ஒருமுறை ஹப்பைப் பூட்டி, குட்டித் தண்டை 2எச்சிலேயே வைத்துச் சில கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார் கிருஷ்ணகிரிக்காரர். முன் கிரவுன் சுற்றி எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறும், சாலையில் கேடும் இல்லை. நண்பர் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலை அல்சூர் சந்தைக்குப் போகும்போது அதைச் செய்கிறார். வாசலில் குனிந்து குமிழ்களைத் திருப்பும் அவரை எதிர் வீட்டு அம்மா டயர் பஞ்சரா என்று தவறாமல் விசாரிக்கிறார்.