ஆறு அடி விழ 0.6 நொடி

கட்டட வேலை நடக்கும் இடத்தில் நாள் முழுக்கக் காதில் விழும் பாதுகாப்பு அறிவுரை ஒன்றுதான்: "பாத்துப்பா." மேஸ்திரி சொல்வார், வீடு கட்டுகிறவர் சொல்வார், சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாரே கீழே செங்கல் எடுத்து வரும் சித்தாளைப் பார்த்துச் சொல்வார். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கால் வழுக்கிய பிறகு பார்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டால், இந்த அறிவுரையை நம்பி யாரையும் மேலே ஏற்றக் கூடாது என்பது புரிந்துவிடும்.

கால் வழுக்கியது மூளைக்குத் தெரிந்து, கை நகரத் தொடங்கவே 0.2 முதல் 0.3 நொடி ஆகும். அதற்குள் உடம்பு ஒன்றரை அடி இறங்கிவிட்டது. 0.6 நொடியில் 6 அடி, அப்போது வேகம் மணிக்கு 21 கி.மீ. சரி, எப்படியோ கை ஒரு கம்பியைப் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் விழுந்த 65 கிலோ ஆளை 20 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமென்றால் அந்தக் கை தாங்க வேண்டியது அவர் எடையைப் போல ஆறு மடங்கு, அதாவது 390 கிலோ. எந்தப் பயில்வானின் விரலும் அதைப் பிடித்து நிற்காது. "நான் இருபது வருஷமா சாரத்துல நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவருக்கும் புவியீர்ப்பு அதே 9.8 தான்.

அப்புறம் இன்னொரு கணக்கு, இதுதான் முக்கியம். விழுந்த உயரம் எவ்வளவு என்பதோடு, விழுந்த உடம்பு எவ்வளவு தூரத்துக்குள் நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விழுந்த தூரத்தை நின்ற தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால், உடம்பின் மேல் விழும் விசை எடையைப் போல எத்தனை மடங்கு என்பது ஏறக்குறைய வந்துவிடும். 10 அடியிலிருந்து குதித்துக் காலை ஊன்றி, முட்டியை மடக்கி, அரை மீட்டர் தூரத்தில் வேகத்தை இறக்கினால் ஆறேழு மடங்கு. வலிக்கும், சுளுக்கும், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அதே 10 அடியிலிருந்து மல்லாந்து கான்கிரீட்டில் விழுந்தால் நிற்கும் தூரம் 5 செ.மீ. கூட இருக்காது, விசை அறுபது மடங்கைத் தாண்டும். முதல் மாடி உயரம்தானே என்று நினைக்கிற இடத்தில் உயிர் போவது இதனால்தான். கட்டுமானப் பாதுகாப்புச் சாமான்களில் பெரும்பாலானவை இரண்டு வேலைகளில் ஒன்றைத்தான் செய்கின்றன: ஒன்று விழவே விடாமல் தடுக்கும், இல்லையென்றால் நிற்கும் தூரத்தை நீட்டித் தரும்.

நீட்டித் தருவதற்குப் பழைய நல்ல உதாரணம் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். அது கட்டப்பட்டபோது தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்துக்கு அடியில் வலை கட்ட வைத்தார், அந்தக் காலத்துக்கு அது 1,30,000 டாலர் செலவு. வலையில் விழுந்து 19 பேர் பிழைத்தார்கள், 'நரகத்துக்குப் பாதி வழி போனவர்கள் சங்கம்' என்று தங்களுக்கே பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு பெரிய சாரமே அறுந்து வலை மேல் விழ, வலை கிழிந்து 10 பேர் இறந்தார்கள். ஆட்களுக்காகக் கணக்குப் போட்ட வலை டன் கணக்கில் எடையுள்ள சாரத்தைத் தாங்காது.

விழாமல் தடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது சாரத்தின் ஓரத்தில் கட்டும் கைப்பிடிக் கம்பி. அதன் உயரம் ஏன் மூன்றரை அடி? நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் அவர் உயரத்தில் சுமார் 55 சதவீதத்தில், தொப்புளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 94 செ.மீ. கம்பி அதற்கு மேலே இருந்தால், சாய்பவரைத் திருப்பித் தள்ளும். முட்டி உயரத்தில் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தால் அது தடுக்காது, காலை வாரி உடம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடும். கயிறு இல்லாமலே இருந்திருக்கலாம். இதிலே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: 65 கிலோ ஆள் 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தலையில் ஏற்றினால் ஆளும் மூட்டையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட 1.3 மீட்டருக்கு ஏறிவிடும், அதாவது கம்பிக்கும் மேலே. வெறும் கையோடு போகிறவரைக் காப்பாற்றும் அதே கம்பி சுமையோடு போகிறவரைக் காப்பாற்றாமல் போகலாம். சுமை தூக்குகிறவர்களின் வழி ஓரத்தை விட்டுத் தள்ளியே இருக்க வேண்டும். மேல் கம்பிக்குக் கீழே நடுக் கம்பி, உட்கார்ந்து வேலை செய்பவர் சறுக்கி வெளியே போகாமல் இருக்க. பலகையோடு ஒட்டி ஒரு சின்னத் தடுப்புக் கட்டை, சுத்தியலும் கரண்டியும் உருண்டு விழாமல் இருக்க. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்பேனர் தரைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு 71 கி.மீ.

கைப்பிடியும் வலையும் வேலை செய்பவரிடம் எதையும் கேட்பதில்லை. அவர் மறந்தாலும், தூங்கி வழிந்தாலும், முந்தின நாள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும் அவை தம் வேலையைச் செய்யும். உடம்பில் பட்டைகளாகப் போட்டுக்கொண்டு, கயிற்றால் ஓர் உறுதியான இடத்தில் மாட்டிக்கொள்ளும் ஹார்னஸ் அப்படியில்லை, ஒவ்வொரு நிமிடமும் அவர் ஞாபகமாகக் கொக்கியை மாட்ட வேண்டும். அதனால் பாதுகாப்பு ஏற்பாடுகளின் வரிசையில் அது கடைசியில் வர வேண்டியது. நம் ஊர் சைட்டுகளில் அதுதான் முதலில் வருகிறது, காரணம் ஊகிக்கக் கூடியதுதான்: விலை குறைவு, போட்டோவில் நன்றாகத் தெரியும்.

சரி, ஹார்னஸ் எப்படி வேலை செய்கிறது? முன்பெல்லாம் இடுப்பில் மட்டும் ஒரு பெல்ட். விழும்போது விசை முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கி, ஆளை நடுவில் மடித்துவிடும். அமெரிக்காவில் 1998 ஜனவரி முதல், விழுபவரைத் தாங்க இடுப்பு பெல்ட் கூடாது என்று தடையே போட்டார்கள். முழு உடல் ஹார்னஸில் தொடையைச் சுற்றி வரும் பட்டைகள்தான் பெரும்பங்கு விசையை வாங்கி, உடம்பிலேயே உறுதியான இடுப்பு எலும்புக்கும் தொடைக்கும் கொடுக்கின்றன. வளையம் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவில் இருப்பதால், தொங்கும்போது உடம்பு நேராக நிற்கும். பலர் தொடைப் பட்டையைத் தொளதொளவென்று விட்டுவிடுகிறார்கள், அல்லது மாட்டுவதே இல்லை, வேலைக்கு இடைஞ்சல் என்று. அப்படிப் போட்டால் அது வெறும் சட்டை.

அந்த வளையத்தையும் கொக்கியையும் இணைக்கும் கயிற்றோடு ஒரு சின்னப் பை தைத்திருக்கும், பலர் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு நாடா, மேலும் கீழுமாக மடித்து, நெருக்கமாகத் தைத்து வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட விசை வந்ததும் அந்தத் தையல் வரிசையாகக் கிழிந்து, நாடா ஒரு மீட்டர் அளவுக்கு நீளும். கிழிய வேண்டும் என்றே தைத்த தையல் அது. அந்தப் பை இல்லாமல், நீளாத கயிற்றில் 6 அடி விழுந்து 10 செ.மீ. தூரத்தில் நின்றால், கருவிகளோடு 100 கிலோ உள்ள ஆளின் மேல் விழுவது ஏறக்குறைய 1.9 டன். பை இருந்தால் ஐரோப்பிய விதிப்படி 6 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 600 கிலோ. ஒரு முறை கிழிந்த பைக்கு இரண்டாவது வாழ்வு கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

இந்த நீளும் கணக்கில்தான் பெரிய பொறி இருக்கிறது. கயிறு 1.8 மீட்டர், பை நீளும் 1.1 மீட்டர், முதுகு வளையத்திலிருந்து கால் வரை 1.5 மீட்டர், பாதுகாப்புக்கு இன்னொரு மீட்டர், கூட்டினால் 5.4 மீட்டர், கிட்டத்தட்ட 18 அடி. கொக்கியை மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் வேண்டும். முதல் தளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, காலடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் மாட்டினால் கீழே இருப்பது 10 அடி. பை விரிந்து முடிப்பதற்குள் தரை வந்துவிடும். காலடியில் மாட்டுவதில் இன்னொரு கேடும் உண்டு: முதுகு வளையம் முதலில் கால் மட்டத்துக்கு இறங்கி, பிறகு கயிறு நீளத்துக்கும் இறங்க வேண்டும் என்பதால் விழும் தூரமே 3.3 மீட்டர் ஆகிவிடும். தலைக்கு மேலே மாட்டு என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். குறைந்த உயரத்தில் வேலை என்றால் கார் சீட் பெல்ட் போலத் தானாகச் சுருண்டு, வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ளும் கயிறு வேண்டும்.

எதில் மாட்டுகிறோம் என்பதும் அப்படியே. அமெரிக்க விதி ஒரு ஆளுக்கு 22 கிலோ நியூட்டன் தாங்கும் பிடிப்பைக் கேட்கிறது, 2.2 டன்னுக்கு மேல். பிவிசி பைப்பும், ஜன்னல் கம்பியும், சாரத்தின் சவுக்குக் கழியும் அந்தக் கணக்கில் வரவே வராது. நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி மாட்டியிருந்தால் ஆள் ஊசலாடிப் போய்த் தூணில் மோதுவார், அதுவும் நேராக விழுந்த அதே வேகத்தில்.

பிடித்துவிட்டது, தொங்குகிறார். இங்கேதான் பல பயிற்சிகள் முடிந்துவிடுகின்றன, முடியக் கூடாது. அசையாமல் தொங்கும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை, ரத்தம் காலில் தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. தரையில் நிற்பவருக்கு இப்படி ஆனால் மயங்கி விழுவார், படுத்ததும் ரத்தம் திரும்பும். தொங்குபவரால் விழ முடியாது. அதனால் ஹார்னஸ் கொடுக்கும் நாளிலேயே, யார் எந்த ஏணியோடு அல்லது எந்தக் கூடையோடு போய் இவரைச் சில நிமிடங்களில் இறக்குவார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவோம் என்பது திட்டமில்லை. தொங்கும்போது காலை ஊன்றி நிற்க ஒரு சின்னப் பட்டை விற்கிறார்கள், விலை பெரிதில்லை.

விழுவது எல்லாம் ஓரத்திலும் நடப்பதில்லை. தளத்தில் டக்டுக்காக, அதாவது குழாய்கள் மேலும் கீழும் போவதற்காக, விட்ட ஓட்டையை பிளைவுட் போட்டு மூடி வைத்திருப்பார்கள். சென்ட்ரிங்குக்கு, அதாவது கான்கிரீட் ஊற்றும் அச்சுக்கு, பிளைவுட் தேடி வருபவர் அதைப் பார்க்கிறார், இரண்டு கையாலும் தூக்கி மார்போடு சேர்த்துப் பிடிக்கிறார், இப்போது அந்தப் பலகையே அவர் கண்ணுக்கும் காலுக்கும் நடுவில் திரை. ஒரு அடி முன்னால் வைக்கிறார். கவனக்குறைவு என்று எழுதிவிடுவது சுலபம். மூடியை நான்கு மூலையிலும் ஆணி அடித்து, மேலே பெயிண்டில் 'கீழே ஓட்டை' என்று எழுதியிருந்தால் அவர் அதைத் தூக்கியே இருக்க மாட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இந்த ரகம்தான்: பார்க்கத் தளம் மாதிரி இருக்கும், வெயிலும் மழையும் பட்டு உளுத்துப் போன ஷீட் ஓர் ஆளின் எடைக்கு எச்சரிக்கை தராமல் உடையும். பலகை விரித்து அதன் மேல் நகர்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஏணிக்குச் சுருக்கமாக: நாலு அடி உயரத்துக்கு, அதன் அடி சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. அந்தக் கோணத்தில், ஏறத்தாழ 75 டிகிரியில், ஆள் உச்சிக்குப் போனாலும் வழுக்காமல் இருக்க அடியில் தேவைப்படும் உராய்வுக் கெழு (தரையின் பிடிப்பைக் காட்டும் எண்) 0.27 அளவில் இருக்கும். 60 டிகிரிக்குச் சாய்த்தால் அது 0.58, இரண்டு மடங்கு. மணல் சிந்திய சிமெண்ட் தரை அதைத் தராது. தலைக்கவசத்துக்கு நாடியில் பட்டை கட்டாவிட்டால், விழும்போது கவசம் தலைக்கு முன்பே கழன்று போய்விடும்.

இதையெல்லாம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பெரிய சைட்டுகளில் காலையில் வரிசையாக நிற்க வைத்து சேஃப்டி ஆபீசர் பேசுவார், எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதைவிட, 100 கிலோ மணல் மூட்டைக்கு ஹார்னஸ் மாட்டி மேலிருந்து தள்ளிவிட்டுக் காட்டலாம். பை கிழியும் சத்தமும் மூட்டை எவ்வளவு கீழே போய் நின்றது என்பதும் கண்ணால் பார்த்தால் மறக்காது. ஒவ்வொருவரையும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஹார்னஸில் இரண்டு நிமிடம் தொங்கவிட்டால், தொடைப் பட்டையை ஏன் இறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நாடாவை இரு கையாலும் வளைத்துப் பிடித்து, வளைந்த இடத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, வெயிலில் சாயம் வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டதா, சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பழக்கலாம். பாலியஸ்டர் நாடாவை சிமெண்டின் காரம் அரிக்கும். இன்றைக்கு நம் சைட்டுகளில் கம்பி கட்டுகிறவர் பீகாரிலிருந்தும், சென்ட்ரிங் அடிப்பவர் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கலாம். தமிழில் மட்டும் நடக்கும் பயிற்சியில் அவரும் தலையாட்டுவார், கையெழுத்தும் போடுவார். அந்த ஓட்டை மூடியின் மேல் எழுதும்போது இந்தியிலும் எழுதி, கூடவே விழும் ஆள் படம் ஒன்றும் வரைந்துவிடலாம், பெயிண்ட் எப்படியும் சைட்டிலேயே இருக்கும்.