மரை வழியே ஏறும் தண்ணீர்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் கார் சூடேறி நின்றுவிட்டதாம். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினின் மேற்பகுதியைப் பிரித்துப் பூட்டும் டாப் ஓவர்ஹால் செய்தாக வேண்டும் என்று பட்டறை ஃபோர்மென் சொல்லிவிட்டார். வாசகர் பக்கத்திலேயே நின்று வேலையைப் பார்த்திருக்கிறார். சில ஹெட் போல்ட்டுகளின் மரையில், அதாவது திருகு வரியில், வெள்ளைப் பசை பூசினார்களாம், மற்றவற்றுக்கு எண்ணெய் மட்டும். “புது கேஸ்கெட்தான் போட்டாச்சே, பிறகு பசை எதுக்கு? அதுவும் பாதி போல்ட்டுக்கு மட்டும்? பசை தீர்ந்துபோச்சா, இல்ல என்னை ஏமாத்துறாங்களா?”

ஏமாற்றவில்லை. நல்ல ஃபோர்மென் கிடைத்திருக்கிறார், விட்டுவிடாதீர்கள்.

மேலே சிலிண்டர் ஹெட், கீழே பிளாக், நடுவில் கேஸ்கெட். எரியும் வாயு, எண்ணெய், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வது கேஸ்கெட்டின் வேலை. இதெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் கேஸ்கெட் அடைப்பது அந்தத் தட்டையான முகத்தை மட்டும். அதைத் துளைத்துக்கொண்டு பிளாக்குக்குள் இறங்கும் போல்ட்டின் மரையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. சில பிளாக்குகளில் போல்ட் துளையின் அடி மூடியிருக்காது, நேராகக் கூலண்ட் ஓடும் அறைக்குள்ளேயே போய்த் திறக்கும். 1955-இல் வந்த செவ்ரலே ஸ்மால் பிளாக் வி-8 இதற்குப் பேர்போனது. வேறு சில எஞ்சின்களில் ஒரு வரிசைத் துளைகள் தண்ணீருக்குள் திறக்கும், இன்னொரு வரிசை அடி மூடிய குழியாக நிற்கும். பாதிக்குப் பசை, பாதிக்கு எண்ணெய் என்பதன் காரணம் இதுதான்.

அத்தனை இறுக்கிய மரையில் தண்ணீர் எப்படி ஏறும்? போல்ட் இறுகும்போது மரையின் ஒரு பக்கச் சரிவு மட்டுமே துளையின் மரையோடு அழுந்துகிறது. மறுபக்கத்தில் மயிரிழை இடைவெளி இருந்தே தீரும், இல்லாவிட்டால் போல்ட்டைத் திருகவே முடியாது. அந்த இடைவெளி கெந்திங் மலைப்பாதை மாதிரி சுற்றிச் சுற்றி மேலே போகிறது. எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் மூடி, கூலண்டை வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1 பார், அதாவது இன்னொரு வளிமண்டல அளவு, கூடுதல் அழுத்தத்தில் வைத்திருக்கிறது. அந்த அழுத்தம் தள்ள, கூலண்ட் வளைவு வளைவாக ஏறும். கூலண்டாக ஓடும் கிளைகோல் என்ற திரவம் கலந்த தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை வேறு குறைவு. வெறும் பைப் தண்ணீர் தயங்கும் சந்திலும் அது நுழைந்துவிடும். பல எஞ்சின்களில் போல்ட் தலை வால்வு மூடிக்கு உள்ளேதான் இருக்கிறது. அங்கே கசிந்தால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, எண்ணெய்தான் பால் விட்ட தேநீர் நிறத்துக்கு மாறும்.

பசையில் இரண்டு வகை உண்டு. டெஃப்ளான் துகள் கலந்த வெள்ளைப் பசை ஒன்று. அது கெட்டியாவதில்லை, சந்தை அடைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். அதில் சொல்ல அதிகம் இல்லை. இன்னொன்று காற்று இல்லாத இடத்தில் மட்டும் கெட்டியாகும் திரவம். இதைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்ததால்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

சாதாரணப் பசை காற்றுப் பட்டால் காயும். இது நேர்மாறு. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவம், காற்று அற்றுப்போனால் கெட்டிப் பிளாஸ்டிக். இதில் இருப்பவை மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட ஒரு துணுக்கு வந்து அந்தப் பிணைப்பைத் திறந்தால், அந்த மூலக்கூறு அடுத்ததைப் பிடிக்கும், அது அதற்கடுத்ததை. சங்கிலி நீண்டுகொண்டே போகும். இரு முனையும் பிடிப்பதால் சங்கிலிகள் குறுக்கேயும் பின்னிக்கொள்ளும்.

இதை நடக்கவிடாமல் தடுப்பது ஆக்சிஜன். அந்தத் துணுக்கு அடுத்த மூலக்கூறைத் தொடும் முன்பே ஆக்சிஜன் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு மிஞ்சுவது சங்கிலியை நீட்டும் வேகமில்லாத ஒரு சோம்பேறித் துணுக்கு. எனவே புட்டியில் காற்று இருக்கும்வரை ஆபத்தில்லை. மரைக்குள் போனதும் நிலைமை மாறுகிறது. திரவத்தில் கரைந்திருந்த கொஞ்சம் ஆக்சிஜன் செலவாகிவிடும், புதிதாக உள்ளே வர வழியில்லை. இன்னொரு பக்கம் போல்ட்டின் இரும்பு, திரவத்தில் கலந்துள்ள பெராக்சைடை உடைத்துப் புதுப்புதுத் துணுக்குகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. காற்றும் இல்லை, உலோகமும் தொடுகிறது, இரண்டும் கூடிய இடத்தில் மட்டும் திரவம் கெட்டியாகிறது. வெளியே பிதுங்கி வழிந்தது திரவமாகவே இருக்கும், துணியால் துடைத்துவிடலாம். எங்கே அடைக்க வேண்டும் என்பதை அந்தத் திரவமே தெரிந்துவைத்திருப்பது போன்ற இந்த ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் சலிக்கவில்லை.

1940-களில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வாளர்களிடம் இப்படியொரு திரவம் இருந்தது. ஆனால் அதற்குள் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், கடையில் வைத்து விற்க முடியாது. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரிபில், புட்டியில் அடங்கி இருக்கும் கலவையைக் கண்டுபிடித்தார். அதுதான் பின்னாளில் லாக்டைட் என்ற பெயரில் விற்கும் மரைப் பசை ஆனது. இந்த வகைக் கலவைகள் பலவற்றில் வேகம் கூட்டச் சாக்கரின் சேர்க்கிறார்கள். ஆமாம், இனிப்புக்குப் போடும் அதே சாக்கரின்தான். புட்டியைப் பாதிதான் நிரப்பியிருப்பார்கள், அது வியாபாரத் தந்திரம் இல்லை. மீதிப் பாதியில் காற்று இருக்க வேண்டும், காற்று புகக்கூடிய மெல்லிய பாலிஎத்திலீன் புட்டியாகவும் இருக்க வேண்டும். மிச்சத்தைத் தகர டின்னில் ஊற்றி வைத்தீர்களானால் டின்னோடு தூக்கிப் போட வேண்டியதுதான்.

நம் பாட்டன் பாட்டி விடியற்காலையில் பால் வெட்டிய ரப்பரும் நீண்ட சங்கிலி மூலக்கூறுதான். 1925-இலேயே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய நாடு நம் மலேசியா. சங்கிலி மூலக்கூறுகளைப் பற்றி இத்தனை அனுபவம் உள்ள மண்ணில் பசை வேதியியலுக்கு ஆராய்ச்சிப் பணம் இன்னும் தாராளமாக வரலாம் என்பது என் ஆதங்கம். சரி, போல்ட்டுக்கு வருவோம்.

பசை அடைப்பதோடு நிற்பதில்லை, வழுக்கவும் செய்கிறது. அங்கேதான் சிக்கல். இறுக்கிய போல்ட் என்பது இழுத்து வைத்த ஸ்பிரிங். 10 மி.மீ. தடிப்பும் 100 மி.மீ. நீளமும் உள்ள நல்ல எஃகுப் போல்ட்டைச் சரியாக இறுக்கினால் சுமார் 0.3 மி.மீ. நீளும், 3.5 டன் விசையோடு ஹெட்டைக் கீழே பிடித்து இழுக்கும். புரோட்டோன் கார்களின் கேம்புரோ எஞ்சின் சிலிண்டர் விட்டம் 76 மி.மீ. உள்ளே எரியும் வாயு 60 பார் அழுத்தத்துக்குப் போனால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை சுமார் 2.8 டன் விசையில் மேலே தள்ளும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது இது நொடிக்கு 25 முறை நடக்கிறது.

போல்ட்டை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சு காட்டுவது போல்ட்டின் நீட்சியை அல்ல, நம் கை கொடுத்த முறுக்கை. அந்த முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போல்ட் தலையடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடும். உலர்ந்த மரையில் 70 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் 3.5 டன் கிடைக்கிறது என்று வையுங்கள். அதே 70-ஐ வழுக்கும் மரையில் கொடுத்தால் 4.7 டன் வரை போகலாம். மேனுவல் எண்ணெய் என்று சொன்ன இடத்தில் எண்ணெய், பசை என்று சொன்ன இடத்தில் பசை. மாற்றினால் எண் சரியாக இருந்தும் இறுக்கம் தவறிவிடும். “அவர் கைராசிக்காரர், அவர் பிரித்துப் பூட்டிய எஞ்சின் ஒழுகாது” என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ரெஞ்சை எடுக்கும் முன் அவர் ஒவ்வொரு மரையையும் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுவதை யாரும் கவனிப்பதில்லை. ஓவர்ஹால் முடிந்து டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு முன் மரை சுத்தமாக இருக்கட்டும்.

உராய்வின் தொல்லையைக் குறைக்கத்தான் இப்போதைய எஞ்சின்களில் பாதி முறுக்கு, பாதி கோணம் என்று வைத்திருக்கிறார்கள். முதலில் கொஞ்சம் முறுக்கு, அப்புறம் 90 பாகை திருப்பு. ஒரு மரை வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 1.25 மி.மீ. என்றால் கால் சுற்றுக்குப் போல்ட் 0.31 மி.மீ. இறங்கும், வழுக்கினாலும் வழுக்காவிட்டாலும். இப்படி இறுக்கும் போல்ட்டுகள் பலவும் திரும்பிச் சுருங்க முடியாத அளவுக்கு நீண்டுவிடும். அவற்றைக் கழற்றினால் புதிது வாங்க வேண்டும். பழையதையே பூட்டிச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடி மூடிய குழிகளுக்குப் பசை வேண்டாம், எண்ணெய்கூட ஓரிரு சொட்டுதான். குழியில் கழுவிய தண்ணீரோ எண்ணெயோ தேங்கி நின்றால், இறங்கும் போல்ட் பிஸ்டனாகி அதை அமுக்கும். திரவம் அமுங்காது, வார்ப்பிரும்புதான் விரிசல் விடும். பூட்டுவதற்கு முன் ஏர் ஹோஸால் ஒவ்வொரு குழியையும் ஊதிவிட்டு, மெல்லிய ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணி சுற்றி அடிவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துணி ஈரமாக வந்தால் இன்னொரு முறை ஊத வேண்டும்.