பேண்ட் வாத்தியமா, படையியமா?

விடுதலை நாள், குடியரசு நாள் செய்திகளில் ஆண்டுதோறும் கண்ணில் படும் தொடர் ஒன்று உண்டு: "பேண்ட் வாத்தியம் முழங்க". மூன்றே சொற்கள். முதலாவது ஆங்கிலம், இரண்டாவது வடமொழி, மூன்றாவது மட்டுமே தமிழ். ஆனால் அந்த மூன்றாவது சொல்லில்தான் இந்தப் பொருளின் பழைய வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீணை முழங்காது, புல்லாங்குழல் முழங்காது. முழங்குவது முரசு. பெயர் போன பிறகும் வினை போகாமல் நின்றுவிட்டது. படைகளோடு நடந்து முழங்கும் இசையணிக்கு, அந்த வினைக்குப் பொருந்தும் தமிழ்ப் பெயரைத் தேடித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நாம் இப்போது சொல்லும் சொல்லைப் பார்ப்போம். தமிழ் எழுத்தில் 'பேண்ட்' என்று எழுதினால் கால்சட்டையும் அதுதான், இசைக்குழுவும் அதுதான். இரண்டையும் பிரித்துக் காட்ட நம் எழுத்தில் வழியில்லை. 'வாத்தியம்' என்ற சொல் பின்னால் வந்து நின்ற பிறகே பொருள் தெளிகிறது. இலங்கைத் தமிழர் 'பாண்ட் வாத்தியம்' என்பார்கள். தமிழ்நாட்டில் கல்யாண ஊர்வலத்துக்கு வருவது 'பேண்ட் செட்'. பள்ளிக்கூடத்தில் இருப்பதும், காவல்துறையில் இருப்பதும், தரைப்படையில் இருப்பதும் எல்லாமே பேண்ட்தான். ஒரே சொல் இத்தனை இடத்துக்கும் ஓடுவதால், படையில் அது செய்கிற தனி வேலை என்ன என்பது சொல்லில் தெரிவதில்லை.

ஆங்கிலத்தில் 'பேண்ட்' என்பதற்குக் 'கட்டு' என்றும் பொருள் உண்டு. அதனால் பலர் 'கட்டிச் சேர்த்த குழு' என்று இதற்கு வேர் சொல்வார்கள். உண்மையில் இவை இரண்டு தனிச்சொற்கள். குழுவைக் குறிக்கும் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம், அடையாளம் அல்லது கொடி என்று பொருள்பட்ட பழைய செருமானியச் சொல்லோடு உறவுடையது என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் கருத்து. ஒரே கொடியின் கீழ்த் திரண்ட ஆயுதக் கூட்டம் என்பதே அதன் முதற்பொருள். படைப்பிரிவோடு சேர்ந்த இசைவாணர்களை அது குறிக்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில்தான். அதாவது, அந்தச் சொல் இசைக்கு வருமுன்பே படைக்குச் சொந்தமாக இருந்தது.

அதன் வேலையைப் பார்த்தாலும் இதே கதைதான். பீரங்கிப் புகையும் கூச்சலும் நிறைந்த களத்தில் தளபதியின் குரல் பத்தடிக்கு மேல் கேட்காது. முன்னேறு, நில், திரும்பு என்ற ஆணைகளை முரசும் ஊதுகொம்பும்தான் கொண்டுபோயின. பயணத்தில் ஆயிரம் கால்களை ஒரே அடியாக்குவதும் இசையின் பொறுப்பு. நிமிடத்துக்கு 120 அடி என்பது பல நாட்டுப் படைகளில் வழக்கமான விரைநடை. இடது கால் தரையில் படும் நொடியில் பெருமுரசின் அடி விழ வேண்டும். அது அரை நொடி தவறினால் வரிசை முழுவதும் கலைந்துவிடும். போர் மூண்டபோது பல படைகளில் இந்த இசைவாணர்களே இசைக்கருவியை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கிக் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். இவர்களைப் பொழுதுபோக்குக் கலைஞர்களாக மட்டும் எண்ணுவது பெரும் பிழை என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஐரோப்பியப் படைகளுக்கு இந்த முழக்கத்தின் பெரும்பகுதியைக் கற்றுக்கொடுத்தவர்கள் துருக்கியர். உதுமானியப் பேரரசில் சுல்தானின் நிலையான காலாட்படையான சானிசாரிப் படைக்கு 'மெஹ்தர்' என்ற இசையணி இருந்தது. தவுல் என்னும் பெருமேளம், கோஸ் என்னும் மாபெரும் முரசு, சுர்னா என்னும் ஊதுகருவி, கைத்தாளங்கள் எல்லாம் அதில் உண்டு. சுர்னா நம் நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதுவது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர்கள் பெருமுரசையும் தாளத்தையும் அவர்களிடமிருந்து எடுத்துத் தங்கள் படைகளில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு காற்று எதிர்த்திசையில் அடித்தது. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் சானிசாரிப் படையைக் கலைத்தார். புதிய படைக்கு மேனாட்டு முறையில் இசையணி அமைக்க 1828இல் இத்தாலியரான சியூசெப்பே தோனிசெத்தி இஸ்தான்புல்லுக்கு வந்தார். கொடுத்தவர்களே கற்றுக்கொள்ளும் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

பிரிட்டிஷ் படையிலும் ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. கிரிமியப் போர்க்காலத்தில், 1854இல் விக்டோரியா அரசியின் பிறந்தநாளுக்காக இஸ்தான்புல்லை அடுத்த ஸ்கூத்தாரியில் அணிவகுப்பு நடந்தது. அங்கிருந்த இசையணிகள் அத்தனையும் சேர்ந்து நாட்டுப்பண்ணை வாசித்தன. ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு சுருதி, ஒவ்வொரு அமைப்பு. கேட்கச் சகிக்கவில்லை. அந்த அவமானத்தின் பின்விளைவாகத்தான் 1857இல் இலண்டனை அடுத்த நெல்லர் ஹாலில் படையிசைப் பள்ளி தோன்றியது. இந்தியத் தரைப்படைக்கு இன்று மத்தியப் பிரதேசத்துப் பச்மாடியில் இசைப் பயிற்சி நடக்கிறது.

இனி நம் பக்கம். ஒரு படையின் இசைக்கருவி அந்தப் படையின் மானமாக இருந்தது என்பதைச் சங்கப் பாடல்களைப் போல் தெளிவாகச் சொன்ன இலக்கியம் அரிது. பகைவனின் காவல்மரத்தை வெட்டி அதிலிருந்து முரசு செய்வார்கள். நெடுஞ்சேரலாதன் கடம்பை வெட்டி "முழங்கு பணை" செய்ததைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. இரண்டு காளைகளைப் பொரவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர் சீவாமல் முரசுக்குப் போர்த்தியதைப் புறநானூறு 288ஆம் பாட்டு சொல்கிறது. முரசுக்குத் தனிக் கட்டில் உண்டு, நீராட்டு உண்டு. நீராட்டப் போன முரசின் கட்டிலில் அறியாமல் படுத்துறங்கிய மோசிகீரனாரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்டாமல் கவரி வீசி நின்ற கதை நாம் எல்லோரும் பள்ளியில் படித்தது. அந்தக் கதையில் அரசனின் தமிழன்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு முரசின் படுக்கையில் படுப்பது உயிரை இழக்கும் குற்றமாக இருந்தது என்பதை விட்டுவிடுகிறோம்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுவது தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் வஞ்சினம். புறநானூறு 72ஆம் பாட்டில், எதிர்த்து வரும் அரசர்களை "முரசமொடு ஒருங்கு அகப்படேஎன் ஆயின்" என்கிறான். அவர்களைப் பிடித்தால் போதாது, முரசோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். முரசு போனால் அந்தப் படை படையாக இல்லை. பிரிட்டிஷ் காலாட்படைகளின் முரசுகளில் அந்தந்தப் பிரிவு வென்ற போர்களின் பெயர்களை வண்ணத்தில் எழுதி வைப்பார்கள். களத்தில் வழிபாடு நடத்தும்போது முரசுகளை அடுக்கி அதையே பலிபீடமாக்குவார்கள். பெருமுரசு அடிப்பவர் சிறுத்தைத் தோல் போர்த்தி நடப்பார். தோல், வெற்றி, வழிபாடு ஆகிய மூன்றும் அங்கேயும் வந்து நிற்கின்றன. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. போர்க்களத்தில் நின்ற மனிதர்கள் தங்களை ஒன்றாக வைத்திருந்த ஒலியை எங்கேயும் இப்படித்தான் போற்றியிருக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன பெயர் சொல்லலாம்? 'இராணுவ இசைக்குழு' என்பது இப்போது பரவலாக இருக்கிறது. தவறில்லை. ஆனால் இசைக்குழு என்றதும் நமக்கு மேடைக் கச்சேரியும் மெல்லிசையும்தான் மனத்தில் எழுகின்றன. உட்கார்ந்து கேட்பவர்களுக்காக வாசிப்பது இசைக்குழு. நடப்பவர்களுக்காக வாசிப்பது இது.

நல்ல சொல் பழைய தமிழிலேயே கிடக்கிறது: 'இயம்'. இசைக்கருவி, இசைக்கருவிகளின் ஒலி என்று அதற்குப் பொருள். பல கருவிகள் சேர்ந்தது 'பல்லியம்'. நெடும்பல்லியத்தனார் என்று புறநானூற்றில் ஒரு புலவர், நெடும்பல்லியத்தை என்று குறுந்தொகையில் ஒருவர். பெயரிலேயே இந்தச் சொல்லைச் சுமந்தவர்கள். வாத்தியம் வாசிப்போர் 'இயவர்'. ஆகவே படை + இயம் = படையியம். அதில் வாசிப்பவர் படையியவர். பள்ளிக்கு உரியதைப் பள்ளியியம் எனலாம், காவல்துறைக்கு உரியதைக் காவலியம் எனலாம். 'படைப்பல்லியம்' என்றும் சொல்லலாம்தான். செய்தித்தலைப்பில் நிற்க வேண்டிய சொல் சுருக்கமாக இருப்பது நல்லது என்பதால் நான் படையியத்தின் பக்கம்.

இந்தச் சொல்லுக்கு நம் காலத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. இலங்கையில் விழாக்களுக்கு விருந்தினரை அழைத்துவரப் பாண்ட் வாத்தியம் வைப்பது பிரிட்டிஷ் காலம் தொட்ட பழக்கம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகச் சூழலில், பேராசிரியர் சி. மௌனகுரு முதலியோர் அந்த இடத்தில் பறை, மத்தளம், உடுக்கு, சங்கு போன்ற நம் கருவிகளையும் கூத்தின் ஆடையையும் ஆட்டத்தையும் சேர்த்து ஓர் அணியை உருவாக்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இன்னியம்'. பெயரை மட்டும் மாற்றாமல் பொருளையும் மாற்றிய முயற்சி அது. அவர்களது இன்னியம் படைக்குரியது அன்று. ஆனால் 'இயம்' என்ற சொல் இன்றைய நாவில் இயல்பாகப் புரளும் என்பதை அது காட்டிவிட்டது.

படையியத்தின் உடன்பிறந்த சொற்களிலும் சுவையானவை உண்டு. படையில் ஊதும் சிறு ஊதுகொம்பான 'பியூகிள்' என்பதை நாம் அப்படியே எழுதிவிடுகிறோம். அதன் மூலம் இலத்தீனில் இளங்காளையைக் குறித்த சொல். காளையின் கொம்பை ஊதியதால் வந்த பெயர். நம் 'கொம்பு' என்ற கருவிப் பெயரும் அதே வழியில் வந்ததுதான். சங்கத் தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு, 'வயிர்'. விடியலில் வீரர்களை எழுப்பும் ஊதலுக்கு ஆங்கிலப் படையில் வழங்கும் பெயர் 'ரெவெய்லி'. 'விழித்தெழு' என்ற பிரெஞ்சுச் சொல் அதன் வேர். தொல்காப்பியம் "சூதர் ஏத்திய துயிலெடை நிலை" என்கிறது. பாசறையில் துயிலும் வேந்தரைச் சூதர் பாடி எழுப்புவதாக உரைகாரர் விளக்குவர். ரெவெய்லிக்குத் 'துயிலெடை' என்பதை விடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பாட்டால் எழுப்பப்பட்டவர் அங்கே அரசர், இங்கே எளிய சிப்பாய். இந்த விரிவு சொல்லுக்கு நல்லதே.

இரவில் ஒலிப்பது 'டாட்டூ'. பச்சை குத்துவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பச்சை குத்தும் டாட்டூ பசிபிக் தீவுகளின் மொழியிலிருந்து வந்தது. படை டாட்டூ டச்சு மொழியின் 'டாப் டூ', அதாவது 'குழாயை அடை'. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதியில் முகாமிட்ட படைகளின் முரசறைவோர் மாலையில் மதுக்கடைத் தெருக்களில் அடித்துக்கொண்டு போவார்கள். அது கேட்டதும் கடைக்காரர் பீப்பாய்க் குழாயை மூட வேண்டும், வீரர்கள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். இன்று உலக நாடுகளின் படையியங்கள் கூடி நடத்தும் பெரிய இசைவிழாவுக்கு அந்தப் பெயர் ஆகிவிட்டது.

படையிசை நம் இசைக்குள் புகுந்த கதையையும் சொல்லாமல் விட முடியாது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தம் அரண்மனையில் மேனாட்டு முறையிலான பேண்ட் வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் ஒலித்த மேனாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதினார். அவை 'நோட்டுசுவரம்' எனப் பெயர் பெற்றன. முப்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டிலேயே அமைந்தது. நாகசுரக்காரர்கள் 'இங்கிலீஷ் நோட்டு' என்று வாசிப்பது இந்த மரபின் தொடர்ச்சிதான். கிளாரினெட்டும் இப்படி வந்ததே. 19ஆம் நூற்றாண்டில், பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிராட்டத்துக்கு வாசித்த சின்னமேளக் குழுவுக்குள் புகுந்து, பின்னர் ஏ.கே.சி. நடராஜன் கையில் முழுமையான கருநாடக இசைக்கருவியாக நின்றது. கருவியை ஏற்றோம், மெட்டை ஏற்றோம், இரண்டையும் நமதாக்கினோம். பெயரை மட்டும் ஏன் கடனாகவே வைத்திருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

முடியாத காரியமும் இல்லை. ஆண்டுதோறும் சனவரி 29இல் டெல்லி விஜய் சௌக்கில் முப்படைகளின் இசையணிகளும் கூடி வாசிக்கும் நிகழ்வுக்கு ஆங்கிலத்தில் 'பீட்டிங் ரிட்ரீட்'. பொழுது சாயும் வேளையில் முரசறைந்து வீரர்களைப் போர் நிறுத்தி முகாமுக்கு அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் 'பின்வாங்கும் அடி' என்று ஏதோ ஒன்று வந்திருக்கும். நம் நாளிதழ்கள் அப்படிச் செய்யவில்லை. 'பாசறை திரும்பும் நிகழ்ச்சி' என்று எழுதுகின்றன. யார் முதலில் எழுதினாரோ, அவர் முல்லைப்பாட்டின் காற்றைச் சுவாசித்தவராகவே இருக்க வேண்டும். அந்தப் பாட்டிலும் பாசறை உண்டு. வென்ற படை கொடி உயர்த்தித் திரும்பும்போது "வயிரும் வளையும் ஆர்ப்ப" வருகிறது. கொம்பும் சங்கும் முன்னே செல்ல, தேர்க்குதிரைகளின் கனைப்பொலி வீட்டில் காத்திருப்பவளின் "அஞ்செவி நிறைய" வந்து சேர்கிறது.