மாவுச்சத்து: சர்க்கரையில் மாவு ஏது?

காட்பாடிப் பக்கம் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில், சேருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டுத்தாள் கொடுக்கிறார்கள். ‘தசைக் காயத்தைத் தவிர்க்க’ என்பது தலைப்பு. மூன்றாவது வரி: ‘மாவுச்சத்தைக் குறைக்கவும்’. அதைப் படித்த என் சித்தப்பா மறுநாளே கேவுரு களியை நிறுத்திவிட்டார் (கேழ்வரகு எங்கள் வாயில் கேவுருதான்). இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ மட்டும் வேளை தவறாமல் நடந்தது. கேட்டதற்கு, “சர்க்கரையில மாவு எங்கடா இருக்குது?” என்றார்.

அவர்மேல் தப்பில்லை. கார்போஹைட்ரேட் என்று இருந்த இடத்தில் மாவுச்சத்து என்று எழுதியவர்மேல்தான் தப்பு.

கார்போ என்றால் கரி, ஹைட்ரேட் என்றால் நீர் சேர்ந்தது. குளுக்கோஸில் 6 கார்பன், கூடவே 6 நீர் மூலக்கூறுக்கான அணுக்கள். அந்தக் கணக்கைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர். உள்ளே தண்ணீர் தண்ணீராக இல்லை என்பது பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. சர்க்கரை, மாவுச்சத்து, நார்ச்சத்து எல்லாம் இந்த ஒரே குடும்பம்.

மாவுச்சத்து என்பது ஸ்டார்ச். பள்ளியில் அயோடின் சொட்டு விட்டது நினைவிருக்கும். சோற்றில் விட்டால் கருநீலம் ஆகும், சர்க்கரையில் விட்டால் ஒன்றும் ஆகாது. வாழைக்காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, பழுத்தால் அது சர்க்கரையாகிவிடும். துண்டுத்தாள் தமிழை நம்பினால், காய் பழுக்கப் பழுக்கக் கார்போஹைட்ரேட் காணாமல் போகிறது! ஆற்காடு மக்கன் பேடாவில் மைதாவை மட்டும் எண்ணிவிட்டு, அது ஊறுகிற பாகை விட்டுவிடலாம். ‘மாவுச்சத்தைக் குறை, நார்ச்சத்தைக் கூட்டு’ என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் பங்காளிகள் என்பதே தெரியாமல். கேவுருக்கும் வெள்ளை அரிசிக்கும் மொத்தக் கார்போஹைட்ரேட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. நார்ச்சத்து கேவுரில் பல மடங்கு. போதாததற்கு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். ஒரு சொல் பிசகியதில் சித்தப்பா விட்டது இதைத்தான்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘கரிமநீரகம்’ என்கிறார். நீரகம் என்றால் ஹைட்ரஜன். அப்படியானால் இது ஹைட்ரோகார்பன், அதாவது பூமிக்கடியில் எடுக்கிற எண்ணெய், எரிவாயு வகை ஆகிவிடுமே ஐயா! நெடுவாசலில் 2017இல் வேண்டாம் என்று போராடியது அதைத்தான். ‘சர்க்கரைச்சத்து’ வேதியியல்படி பொருந்தும், ஏனென்றால் ஸ்டார்ச்சே குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் வேலூரில் சர்க்கரை என்றால் முதலில் நோய்தான் நினைவுக்கு வரும். மாவுச்சத்தில் பாதி வடமொழி என்பாரும் உண்டு. அது என் சண்டை இல்லை. என் தீர்ப்பு: மாவுச்சத்தை ஸ்டார்ச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தக் குடும்பத்துக்குக் கார்போஹைட்ரேட் என்றே தமிழெழுத்தில் எழுதுவோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல்தானே.

குறைக்கச் சொன்னதே அரைகுறை என்பது வேறு விஷயம். ஓடுகிற தசைக்கு எரிபொருள், அதற்குள் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் கார்போஹைட்ரேட். அது தீர்ந்தால் கால் தளரும், அடி தவறும். நிறுத்த வேண்டியது களியை இல்லை, டீச் சர்க்கரையை.

அதே தாளில் இன்னொன்று. தசை இழைகள் கிழிவதற்கும் ‘தசைப்பிடிப்பு’, கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதற்கும் ‘தசைப்பிடிப்பு’. இழுத்துக்கொண்டால் காலை நீட்டிவிடலாம். கிழிந்த தசையை அப்போதே இழுத்து நீவினால் கிழிசல் பெரிதாகும். கணுக்கால் பிசகினால் சுளுக்கு என்று நம் பாட்டிமார் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். துண்டுத்தாள்காரருக்கு அதுவும் தசைப்பிடிப்புதான். தாளில் பிழை திருத்திக் கொடுத்தேன். “அடுத்த தடவை அச்சடிக்கும்போது பார்க்கலாம் சார்” என்றார்கள். இன்னும் இரண்டு கட்டு மீதி இருக்கிறதாம்.