மரண தண்டனை – சாவொறுப்பு

'மரணம்', 'தண்டனை' இரண்டும் வடமொழி வேர்ச் சொற்கள். 'தண்டம்' முதலில் தடி, கோல். கோல் அரசனின் அதிகாரமாகி, அந்த அதிகாரம் விதிக்கும் துன்பத்துக்கும் பெயராயிற்று. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் பேச்சில் இன்றும் தண்டம் என்றால் பணம்தான். தலைக்கவசம் இல்லாமல் பிடிபட்டவர் தண்டம் கட்டுவார். கொலை வழக்கென்றால் 'தூக்கு விழும்' என்பார்கள். தூக்கு என்பது நிறைவேற்றும் முறை. அதைச் செய்பவரைப் பத்திரிகைகள் 'அலுகோசு' என எழுதுவது போர்த்துக்கேயச் சொல்லின் மிச்சம்.

தண்டித்தலுக்குத் தமிழ்ச் சொல் 'ஒறுத்தல்'. சாவொறுப்பு அதிலிருந்து வருகிறது. 'தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து' என்கிறது குறள் 561. நாடுதல் விசாரணை, 'தலைச்செல்லா வண்ணம்' அதே குற்றம் மீண்டும் நிகழாதபடி, 'ஒத்தாங்கு' குற்றத்தின் அளவுக்கு ஒப்ப. தண்டனை நியாயம் பற்றி இதைவிடச் செறிவாகச் சொல்வது கடினம். ஆனால் இதை வைத்துக் குறளைச் சாவொறுப்புக்கு எதிரியாக்கிவிட முடியாது. கொலைக் கொடியாரை ஒறுப்பதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிடும் 550ஆம் குறளும் அங்கேயே இருக்கிறது. நாடாமல் ஒறுத்ததற்கு வன்னிக்குத் தெரிந்த பெயர் கோவலன்: 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று பாண்டியன் சொன்னபோது விசாரணையே நடக்கவில்லை. முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் பொங்குவது அந்த வழக்கில் கணவனை இழந்தவளுக்கு.

'ஒத்தாங்கு' என்பதற்கு இலங்கைச் சட்டத்தில் இடம் எங்கே? தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவில் கொலைக்கு ஒரே தண்டனைதான். குற்றம் நிரூபணமானால் வவுனியா மேல் நீதிமன்ற நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்து 'இது அரிதினும் அரிதான வழக்கா?' என்று சட்டத்தரணியிடம் கேட்பவர்கள் உண்டு. அது 1980இல் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல், இங்கே செல்லாது. இங்கே அளவு பார்ப்பது ஒரு படி முன்னால், கொலை எது என்று வரையறுக்கும் 294ஆம் பிரிவின் விதிவிலக்குகளில். திடீர் ஆத்திரமூட்டல், திடீர்ச் சண்டை, தற்காப்பில் எல்லை மீறியது போன்ற ஒன்று நிலைநாட்டப்பட்டால், கொலைக் குற்றமாகாத ஆட்கொலைக்கான 297ஆம் பிரிவு பொருந்தும். அதன் உச்சம் 20 ஆண்டுச் சிறை. ஆகவே வேலிச் சண்டையில் மண்வெட்டி முதலில் யார் கையில் இருந்தது, யார் முதலில் அடித்தார் என்பதெல்லாம் சாட்சி விசாரணையிலேயே பதிவாக வேண்டும். பலர் அதைத் தண்டனை நாளில் சொல்லி அழுகிறார்கள். அன்று அது வெறும் இரக்க மனு. ஹெரோயினில் நிலைமை வேறு: 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரணமா ஆயுட்சிறையா என்ற தெரிவு நீதிபதிக்கு உண்டு.

தீர்ப்பு நாளில் விளக்கை அணைப்பதும் பேனாவை முறிப்பதும் மரபு. அதன் பின்னால் இரண்டு வழிகள் திறக்கும். ஒன்று மேன்முறையீடு, 14 நாட்களுக்குள். 1976 யூன் 23க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்ற நினைப்பில் குடும்பங்கள் இந்த நாட்களைக் கைநழுவ விடுவதுதான் பெரிய பிழை. தூக்கு இல்லாவிட்டாலும் மறியல் (சிறை) முடிவதில்லை. மற்றது சனாதிபதிக்கு மன்னிப்பு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை. விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை என மூன்றும் சேர்ந்து சனாதிபதியிடம் போகும்.

அங்கிருந்து வரும் முடிவுகள் எல்லாவற்றையும் செய்திகள் 'பொதுமன்னிப்பு' என்று எழுதிவிடுகின்றன. பொதுமன்னிப்பு பலருக்குச் சேர்த்து வழங்குவது. ஒருவருக்கு வழங்கினால் மன்னிப்பு. மரணத்தை ஆயுட்சிறையாக்கினால் அது தண்டனை மாற்றம். குற்றத்தீர்ப்பு அப்படியே இருக்கும். கட்டுரையில் 'சாவொறுப்பு' என எழுதலாம். மனுவில் 'மரண தண்டனை' என்றே எழுதுங்கள், தீர்ப்பில் இருக்கும் சொல் அதுதான்.